ஒரு ரூபாய்க் குறை: நீதிமன்றத்தின் பிழையைச் சுமப்பவர் யார்?

1958ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், அன்றைய பஞ்சாப் மாநிலத்தின் சிர்சா நகரில் இருந்த ஓர் உரிமையியல் நீதிமன்றத்தில், எழுத்தர் ஒருவர் செலானில் 4951 என்று எழுத வேண்டிய இடத்தில் 4950 என்று எழுதினார். அந்த ஒரு ரூபாய்க் குறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1963 பிப்ரவரியில் வழங்கப்பட்ட ‘ஜங் சிங் எதிர் பிரிஜ் லால்’ தீர்ப்பு அதன் விளைவு. நீதிமன்றத்தின் செயலால் எவரும் கெடுதலுறக் கூடாது என்ற நெறிக்கு இந்தியச் சட்ட நூல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது அத்தீர்ப்பைத்தான். அந்நெறி எங்கிருந்து வந்தது, உரிமையியல் வழக்காடுவோர்க்கு அது எதை அளிக்கிறது, எதை அளிக்காமல் விடுகிறது என்பதை வரலாற்று முறையில் தொகுத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் அவ்வழக்கின் செய்தி. நிலம் ஒன்று விற்கப்பட்டபோது, பிறர்க்கு முன்பாக அதை வாங்கும் உரிமை தமக்கே உண்டு என்று ஜங் சிங் வழக்குத் தொடுத்தார். முன்வாங்குரிமை எனப்படும் இவ்வுரிமை வட இந்தியாவில் பரவலாக வழக்கில் இருந்தது. 1957 அக்டோபரில் இருதரப்பும் சமரசம் செய்துகொள்ள, அதன்படி தீர்ப்பாணை பிறந்தது. ஜங் சிங் செலுத்த வேண்டிய தொகை 5951 ரூபாய். அதில் 1000 ரூபாயை அவர் முன்பே செலுத்தியிருந்தார். எஞ்சிய தொகையை 1958 மே 1ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் அவருடைய வழக்கு செலவுத்தொகையுடன் தள்ளுபடியாகும்.

கெடு முடிய ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருக்கையிலேயே அவர் நீதிமன்றத்தை அணுகி, பணம் செலுத்த அனுமதி கோரினார். எழுத்தர் செலானை நிரப்பிக் கொடுத்தார். அதில் கண்ட தொகையை அவர் அன்றே செலுத்தினார். நிலமும் அவர் கைக்கு வந்தது. கெடு நாள் கடந்த பின்னர், மே மாதத்தில், எதிர்த்தரப்பினர் நீதிமன்றத்துக்கு வந்து ஒரு ரூபாய் குறைவதைச் சுட்டிக்காட்டினர். தீர்ப்பாணையின் நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

சட்டத்தின் எழுத்தை மட்டும் நோக்கினால் அவ்வாதத்தில் பிழையில்லை. கெடுவுடன் கூடிய நிபந்தனைத் தீர்ப்பாணையில் ஒரு ரூபாய்க் குறையும் குறையே. நீதிமன்றமே அவரைத் தவறாக வழிநடத்தியது என்று மாவட்ட நீதிபதி கருதினார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதிபதி இதாயத்துல்லா, ஜங் சிங்கின் கவனக்குறைவை முற்றாக மறைக்கவில்லை. தாம் செலுத்த வேண்டியது எவ்வளவு என்பதை அவரும் அறிந்திருக்க வேண்டும். ஆயினும், ஆணையைச் சரிவர நிறைவேற்ற விரும்பி ஒருவர் நீதிமன்றத்தின் உதவியை நாடும்போது, அவரைத் தம் போக்கில் விட்டுவிடாமல் உதவ முன்வந்த நீதிமன்றம், தரும் தகவலைச் சரியாகத் தர வேண்டும் என்றார். நீதிமன்றத்தின் பிழையால் ஒருவர் கெடுதலுற்றால், அப்பிழை நேராதிருந்தால் எந்நிலையில் இருந்திருப்பாரோ அந்நிலைக்கே அவரைக் கொண்டுசேர்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்பது தீர்ப்பின் சாரம். விடுபட்ட ஒரு ரூபாயைச் செலுத்த அவருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தின் பிழை என்று பொதுவாகச் சொல்லும்போது இரு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, நீதிபதி சான்றுகளை எடைபோட்டு வந்தடையும் முடிவில் நேரும் பிழை. மற்றொன்று, செலான், சம்மன், தேதி, நகல், பதிவேடு ஆகியவற்றில் அலுவலகம் செய்யும் பிழை.

முதல்வகைக்குப் புனே நகரமே புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. பாபா மகாராஜ் 1897இல் இறந்தபின், அவருடைய சொத்தின் பொறுப்பாளருள் ஒருவராக இருந்த பால கங்காதர திலகர், 1901இல் நடந்த ஒரு தத்தெடுப்பின் செல்லுபடி குறித்த தாயி மகாராஜ் வழக்கில் சிக்கினார். 1902இல் புனே மாவட்ட நீதிபதி ஆஸ்டன் அவருக்கு எதிராக முடிவு செய்ததோடு, குற்ற நடவடிக்கைக்கும் வழிவகுத்தார். அதில் கிடைத்த தண்டனை 1904இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீங்கியது. உரிமையியல் வழக்கில் 1906இல் கீழமை நீதிமன்றம் திலகர் தரப்பை ஏற்றது. 1910இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1915இல் பிரிவி கவுன்சில் மீண்டும் திலகர் தரப்பை நிலைநாட்டியது. பதினான்கு ஆண்டுகள் நீண்ட இவ்வழக்கில் ஒவ்வொரு பிழையும் மேல்முறையீட்டின் வழியே திருத்தப்பட்டது. கருத்துப் பிழைக்குச் சட்டம் வகுத்த பாதை அது.

ஆனால் எழுத்தர் ஒருவர் 1ஐ 0 என்று எழுதிவிட்டால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? அங்கே எதிர்த்து வாதிட ஒரு கருத்தே இல்லை. ஆகவே வேறொரு பாதை தேவைப்பட்டது. அதன் வரலாறு சிர்சாவுக்கு மிக முந்தியது.

‘ஆக்டஸ் க்யூரியே நெமினெம் கிராவாபிட்’ என்னும் இலத்தீன் முதுமொழியை இங்கிலாந்தின் பொதுச்சட்ட நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தன. நீதிமன்றத்தின் செயல் எவரையும் துன்புறுத்தாது என்பது அதன் பொருள். அது பெரிதும் பயன்பட்ட சூழல் நமக்கு வியப்பளிக்கக் கூடும். வாதங்கள் முடிந்து, தீர்ப்புக்காக வழக்கு ஒத்திவைக்கப்பட்ட இடைவெளியில் வழக்காடியவர் இறந்துவிட்டால் என்ன செய்வது? காலத்தாழ்வு நீதிமன்றத்தினுடையது, அதனால் இறந்தவரின் வழக்கு அற்றுப்போகக் கூடாது. எனவே தீர்ப்பை முந்தைய நாளிலேயே வழங்கியதாகப் பதிவு செய்தனர். 1852இல் நீதிபதி கிரெஸ்வெல், இம்முதுமொழி நீதியையும் நல்லறிவையும் அடிப்படையாகக் கொண்டது என்று பாராட்டினார். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 22, விதி 6 இன்றும் இதையே சொல்கிறது: விசாரணை முடிந்து தீர்ப்பு வழங்கப்படுவதற்குள் கட்சிக்காரர் இறந்தால் வழக்கு அற்றுப்போகாது.

அடுத்த கட்டம் 1871. ஹாங்காங் உச்ச நீதிமன்றத்திலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு வந்த ‘ரோஜர் எதிர் கொம்ப்துவார் தெஸ்கோம்ப்த் த பாரி’ வழக்கில், பின்னர் ரத்தான ஒரு தீர்ப்பின்படி பணம் செலுத்தப்பட்டிருந்தது. அப்பணத்தைத் திருப்பும்போது வட்டியும் சேருமா என்பது வினா. வட்டியும் சேரும் என்றார் கெயின்ஸ் பிரபு. அவர் தந்த காரணமே நமக்கு முதன்மையானது. நீதிமன்றத்தின் செயல் என்பது ஒரு குறிப்பிட்ட நீதிமன்றத்தின் செயல் மட்டுமன்று. வழக்கை முதலில் ஏற்கும் மிகக் கீழமை நீதிமன்றம் முதல் இறுதியாக முடிக்கும் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை அனைத்தும் சேர்ந்த ஒரே செயல் அது என்றார் அவர்.

இக்கருத்தை நீதிமன்றத்தின் உள்ளமைப்புக்கும் நீட்டிப் பார்த்தால் சிர்சா தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. மேலிருந்து கீழ்வரை நீதிமன்றம் ஒரே உடலானால், எழுத்தரின் கையும் அவ்வுடலின் கையே. நீதிபதி கையெழுத்திடவில்லை, எழுத்தர்தான் எழுதினார் என்று நீதிமன்றம் விலகி நிற்க முடியாது.

இந்தியச் சட்டத்தொகுப்புகளில் இந்நெறி இரு கிளைகளாக இடம்பெற்றது. 1882ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 583, மேல்முறையீட்டில் வென்றவர் இழந்ததைத் திரும்பப் பெற வழிசெய்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது பிரிவு 144 ஆக விரிந்தது. தீர்ப்பாணை மாற்றப்பட்டால், அத்தீர்ப்பாணையே பிறக்காதிருந்தால் இருதரப்பும் எங்கு இருந்திருப்பரோ அங்கேயே அவர்களை மீள வைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. 1922இல் பிரிவி கவுன்சில் ‘ஜெய் பர்ஹம் எதிர் கேதார்நாத் மார்வாரி’ வழக்கில், இப்பொறுப்பு அச்சட்டப்பிரிவிலிருந்து மட்டும் பிறப்பதன்று, நீதிமன்றத்தின் பொது அதிகாரத்திலேயே உள்ளுறைந்தது என்றும் தெளிவுபடுத்தியது.

மற்றொரு கிளை, பிழையை அதன் இடத்திலேயே திருத்துவது. தீர்ப்பிலோ தீர்ப்பாணையிலோ உத்தரவிலோ உள்ள எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் தற்செயலாக விடுபட்டதையும் எக்காலத்திலும் திருத்தலாம் என்கிறது பிரிவு 152. ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. கைத்தவறைத் திருத்தக் கெடு இல்லை. இப்பிரிவுகளில் எதிலும் அடங்காத நேர்வுகளுக்குப் பிரிவு 151 கூறும் உள்ளார்ந்த அதிகாரம் இருக்கிறது.

ஆனால் இவ்வாயிலும் அளவற்றதன்று. மும்பையில் எழுந்த ஒரு மணமுறிவு வழக்கில், தீர்ப்பாணையில் இடம்பெறாத ஒரு குடியிருப்பைப் பற்றிய பகுதி பின்னாளில் பிரிவு 152இன் பெயரால் சேர்க்கப்பட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நீதிமன்றம் சொல்ல எண்ணி, கை தவறிச் சொல்லாமல் விட்டதைத் திருத்தலாம். சொல்லாத ஒன்றைப் புதிதாகச் சொல்ல முடியாது. திருத்தம் என்ற பெயரில் உரிமைகளையே மாற்றினால், மறுதரப்பு நீதிமன்றத்தின் செயலால் கெடுதலுறும் அல்லவா?

இந்நெறி உச்ச நீதிமன்றத்தையே தொட்ட நேர்வும் மகாராட்டிரத்திலிருந்துதான் எழுந்தது. மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் அ. ர. அந்துலே மீதான ஊழல் வழக்கு, சட்டப்படி தனி நீதிபதியால் விசாரிக்கப்பட வேண்டியது. 1984 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அதைப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. 1988 ஏப்ரலில் எழுவர் அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள் அம்மாற்றத்தைத் தவறு என அறிவித்து, ரோஜர் வழக்கையும் அந்த இலத்தீன் முதுமொழியையும் துணைக்கழைத்தனர். அது குற்ற வழக்கு. பிழையும் அலுவலகப் பிழையன்று. எனினும் தன் செயலால் நேர்ந்த கெடுதலை நீக்க எந்த நீதிமன்றமும் தயங்கக் கூடாது என்ற கருத்து, உரிமையியல் தீர்ப்புகளிலும் அதன்பின் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது.

அதே அந்துலே விவகாரத்தின் முற்பகுதியில் பிறந்த மற்றொரு தீர்ப்பு குறைவாகவே பேசப்படுகிறது. வழக்காடுவோர்க்குப் பயன் மிகுந்தது அதுதான். 1982இல் ‘மகாராட்டிர அரசு எதிர் ராம்தாஸ் சீனிவாஸ் நாயக்’ வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி வகுத்த விதி இது: நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று தீர்ப்பில் எழுதப்பட்டுள்ளதோ அதுவே முடிவானது, உறுதிமொழிப் பத்திரத்தாலோ பிற சான்றாலோ அதை மேல் நீதிமன்றத்தில் மறுக்க முடியாது. பிழையாகப் பதிவாகியுள்ளது என்று கருதுபவர், நிகழ்வு நீதிபதியின் நினைவில் பசுமையாக இருக்கும்போதே அதே நீதிபதியிடம் முறையிட வேண்டும்.

ஆக, பிழை நீதிமன்றத்தினுடையதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும், காலத்தில் சுட்டும் பொறுப்பும், ஆவணத்தால் மெய்ப்பிக்கும் பொறுப்பும் பாதிக்கப்பட்டவருடையவை. இவ்விடத்தில் ஆவணத்தின் மொழி முதன்மை பெறுகிறது. நான் வாழும் நிக்டி போன்ற பகுதிகளில், தொழிற்சாலை வேலைக்காக வந்து நிலைகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமனை, வாடகை, பாகப்பிரிவினை வழக்குகள் புனே மாவட்ட நீதிமன்றங்களில் நடக்கின்றன. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 137 கீழமை நீதிமன்றங்களின் மொழியை மாநில அரசு முடிவுசெய்ய விடுகிறது. இங்கே அம்மொழி மராத்தி. மராத்தி சரளமாக வாசிக்கத் தெரியாதவரும் அந்நீதிமன்றத்தில் சில சொற்களை உடனே அறிந்துகொள்வார். தாவா, ஜப்தி, வக்காலத்து, ரத்து, ஆஜர், நாசர், சிரஸ்தார் ஆகியவை பாரசீக, அரபு மூலங்களிலிருந்து வந்து, தக்காணத்தின் ஆட்சிமொழி வழியே இரு மொழிகளிலும் சிறுசிறு ஒலி மாற்றத்துடன் நிலைத்துவிட்டவை.

ஆனால் அவர் அறியாத ஒரு சொல்தான் அவருக்கு மிகத் தேவையானது: ரோஜ்நாமா. வழக்கின் ஒவ்வொரு நாளும் யார் வந்தார், யார் வரவில்லை, என்ன உத்தரவானது, அடுத்த நாள் எது என்று பதிவாகும் அன்றாடக் குறிப்பு அது. வழக்கு அழைக்கப்பட்டபோது வாதி இல்லை என்று அதில் எழுதப்பட்டால், அன்று அவர் வராந்தாவில் நின்றிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வரவில்லை. இன்று 16 எழுத்தெண்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணை இட்டு, இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த தேதியைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். திரையில் ஒரு தேதியும் ரோஜ்நாமாவில் வேறொரு தேதியும் இருந்தால் வழக்கை முடிவுசெய்வது ரோஜ்நாமா. சான்றளிக்கப்பட்ட நகலே சான்று. திரையில் கண்டதை அன்றைய நாள் தெரியும்படி படியெடுத்து வைத்திருந்தால், தவறு தம்முடையதன்று என்று காட்ட அது துணைநிற்கும்.

அலுவலகப் பிழையால் கெடுதலுற்றவர்க்குரிய பரிகாரங்களை இவ்வரலாற்றின் ஒளியில் வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. உத்தரவிலோ தீர்ப்பாணையிலோ கைத்தவறு இருந்தால், அதே நீதிமன்றத்தில் பிரிவு 152இன்படி மனு. சம்மன் முறையாகச் சார்வு செய்யப்படாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பிறந்திருந்தால், கட்டளை 9, விதி 13இன்படி அதை நீக்கக் கோரும் மனு. தீர்ப்பாணை நாளிலிருந்து, அல்லது சம்மன் சார்வாகாத நிலையில் அதை அறிந்த நாளிலிருந்து, 30 நாள்கள் கெடு. வாதி வராமையால் வழக்கு தள்ளுபடியாகியிருந்தால், அதே கட்டளையின் விதி 9. நகல் கிடைக்கத் தாமதமானால், காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 12 நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் கழிக்கிறது. நகலுக்கு மனுச் செய்த நாளிலிருந்தே இச்சலுகை தொடங்குவதால் உடனே மனுச் செய்வது இன்றியமையாதது. தவறான ஆணையால் உடைமை கைமாறியிருந்தால், அவ்வாணை மாற்றப்பட்டபின் பிரிவு 144. கீழமை நீதிமன்றம் திருத்த மறுத்தால், அரசியலமைப்பின் உறுப்பு 227இன்படி உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரம்.

அலுவலர்மீது முறையிடுவது வேறு. அது முதன்மை மாவட்ட நீதிபதியிடமும், உறுப்பு 235இன்படி கீழமை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவிடமும் செல்ல வேண்டியது. அம்முறையீட்டால் எழுத்தர் தண்டிக்கப்படலாம். ஆனால் வழக்கில் ஒரு வரிகூட மாறாது. முறையீட்டுக்கு விடை வரட்டும் என்று காத்திருந்தால், வழக்கில் மனுச் செய்யும் கெடு கடந்துவிடும். இரண்டையும் தனித்தனியே, வழக்கு மனுவை முதலில், செய்ய வேண்டும்.

இனி, இந்நெறி அளிக்காத ஒன்றைப் பற்றி. ஒரு ரூபாய்க்காக ஜங் சிங் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நான்கு நிலை நீதிமன்றங்களில் வழக்காடினார். அந்நெறி நிலத்தை அவருக்கு மீட்டுத் தந்தது. அந்த ஆண்டுகளை மீட்டுத் தரும் வழி அதனிடம் இல்லை. நீதிமன்றம் செய்த பிழைக்கு நீதிமன்றமோ அரசோ இழப்பீடு தர வேண்டும் என்ற பொதுவிதி இந்திய உரிமையியல் சட்டத்தில் இல்லை. 1850ஆம் ஆண்டு நீதித்துறை அலுவலர் பாதுகாப்புச் சட்டம், நல்லெண்ணத்துடன் பணியாற்றும் நீதிபதியையும், அவருடைய சட்டபூர்வ ஆணையை நிறைவேற்றும் அலுவலரையும் உரிமையியல் வழக்கிலிருந்து காக்கிறது. அச்சமின்றித் தீர்ப்பளிக்க நீதிபதிக்கு அக்காப்பு தேவை என்பதில் ஐயமில்லை. நீதிபதியைக் காப்பதும் பாதிக்கப்பட்டவருக்கு அரசு ஈடுசெய்வதும் ஒன்றுக்கொன்று முரணானவையா என்பதே வினா.

பிற நாடுகள் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கண்டுள்ளன. 1978ஆம் ஆண்டு ஸ்பெயின் அரசியலமைப்பின் உறுப்பு 121, நீதிப் பிழையால் விளையும் சேதத்தையும், நீதி நிர்வாகத்தின் ஒழுங்கற்ற செயற்பாட்டால் விளையும் சேதத்தையும் தனித்தனியே பெயரிட்டு, இரண்டுக்கும் அரசே இழப்பீடு தர வேண்டும் என்கிறது. நாம் மேலே பிரித்த இரு பிழைகளும் அங்கே அரசியலமைப்பிலேயே பிரிக்கப்பட்டுள்ளன. அதே 1978இல் டிரினிடாட் நாட்டு வழக்கறிஞர் மகாராஜ் தொடுத்த வழக்கில், நீதிபதியின் செயலால் ஒருவர் முறையின்றிச் சிறைப்பட்டதற்கு அரசு இழப்பீடு தர வேண்டும், நீதிபதி தரவேண்டியதில்லை என்றது பிரிவி கவுன்சில். 2003இல் கோப்லர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், உறுப்பு நாடுகளின் இறுதி நீதிமன்றங்கள் ஐரோப்பியச் சட்டத்தை வெளிப்படையாக மீறினால் அந்நாடு பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்றது.

தமிழ் மரபு இதை இன்னும் கடுமையாகவே எண்ணியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் தீர்ப்பின் பிழையை உணர்ந்த கணத்தில் உயிர்விடுகிறான். கோவலன் குற்றவாளி என்று சொன்னவன் பொற்கொல்லன், கொன்றவர் காவலர், ஆயினும் அரசன் அவர்களில் எவரையும் சுட்டித் தப்பிக்கவில்லை. அவையின் கீழ்க்கையால் நேர்ந்த பிழையும் அவைத்தலைவனுடையதே என்று கெயின்ஸ் பிரபு சொன்னதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே காப்பியம் கொண்ட கருத்து அது. ஆனால் காப்பியத்தில் கோவலனை மீட்க வழியில்லை. இன்றைய உரிமையியல் சட்டம் அதற்கு நேர்மாறானது. எவரையும் தண்டிக்காமல், கூடிய அளவு மீட்டுக்கொடுக்க முயல்கிறது. அது பெரிய முன்னேற்றம். எனினும் மீட்க முடியாத காலத்துக்கும் செலவுக்கும் எவரும் பொறுப்பேற்காத வரை, நீதிமன்றத்தின் செயல் எவரையும் துன்புறுத்தாது என்ற வாக்கியம் பாதியே உண்மை. மற்றப் பாதியின் விலையை, நான்கு நிலைகளிலும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இயன்றவர் கொடுத்து முடிக்கிறார். இயலாதவர் நிலத்தை விட்டுவிடுகிறார். அவ்வாறு விட்டுவிட்டவர்களின் பெயர்கள் தீர்ப்புத் திரட்டுகளில் இடம்பெறுவதில்லை.

அவர்களைத் தேட வேண்டிய இடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளன்று. மாவட்ட நீதிமன்றப் பதிவறைகளின் அன்றாடக் குறிப்புகளும் நகல் மனுப் பதிவேடுகளும்தாம். சென்னை மாகாணக் காலத்து முன்சீப் நீதிமன்ற ஆவணங்களில் பணிபுரியும் ஆய்வாளர்கள், எழுத்தர் பிழையும் அதன் திருத்தமும் பதிவான நேர்வுகளைக் கண்டிருந்தால் பின்னூட்டத்தில் பகிர வேண்டுகிறேன். மராத்தி ரோஜ்நாமாவோடு அவற்றை ஒப்பிட்டுப் படிக்க விரும்பும் மாணவர்களையும் வரவேற்கிறேன்.